சீரியல் செட், ஸ்டார், நிலா விளக்கு, முயல் விளக்கு: அலங்கார விளக்கு இறக்குமதிக்கு எந்த ஹெட்டிங்?

தீபாவளி, கிறிஸ்துமஸ் விற்பனைக்காகச் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு கண்டெய்னர் வருகிறது. இன்வாய்ஸில் இருப்பது ஒரே வரி: ‘டெக்கரேட்டிவ் நாவல்ட்டி லைட்ஸ், அசார்ட்டட்’. பெட்டிகளைப் பிரித்தால் எல்இடி சீரியல் செட், தாளில் செய்த கிறிஸ்துமஸ் ஸ்டார், மேசையில் வைக்கும் நிலா விளக்கு, பேட்டரியில் எரியும் போலி மெழுகுவத்தி, சிலிகானில் செய்த முயல் வடிவ இரவு விளக்கு, சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி டார்ச், சுவரில் மாட்டும் நியான் எழுத்துப் பலகை என்று ஏழு சாமான்கள். எல்லாம் வெளிச்சம் தருபவைதான். ஆனால் ஏழும் ஒரே ஹெட்டிங்கில், அதாவது சுங்கக் கட்டண அட்டவணையின் ஒரே நான்கு இலக்க வகை எண்ணில், அடங்காது.

‘நாவல்ட்டி லைட்’ என்று சுங்கக் கட்டண அட்டவணையில் எந்த வரியும் கிடையாது. 9505-இல் வரும் ‘நாவல்ட்டி ஜோக்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, வேடிக்கையான விளக்குகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் உண்டு. அந்தச் சொல் குறிப்பது தும்மல் பொடி, தண்ணீர் பீய்ச்சும் சட்டைப் பூ போன்ற குறும்புச் சாமான்களை. விளக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஹெட்டிங்கைத் தேடுமுன் பணக் கணக்கு

பெரும்பாலான இறக்குமதியாளர்கள் முதலில் கேட்பது, ‘எதில் வரி குறைவு?’ என்பதுதான். இந்தச் சரக்கைப் பொறுத்தவரை கேள்வியை அங்கே தொடங்குவது நஷ்டம். 9405 (விளக்குகள், விளக்குப் பொருத்திகள்), 9505 (பண்டிகை, கேளிக்கைச் சாமான்கள்) இரண்டுக்கும் அடிப்படைச் சுங்க வரியில் பெரிய இடைவெளி இல்லை. 10 லட்ச ரூபாய் மதிப்புக்கு 5 புள்ளி வித்தியாசம் என்றாலும் 50,000 ரூபாய். இறக்குமதியின்போது கட்டும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி, பதிவுள்ள வியாபாரிக்கு வரவாகத் திரும்பிவிடும் என்பதால் அது கைமுதல் முடங்கும் பிரச்சினை மட்டுமே. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் உருமாறுகின்றன. 2025-இல் 25 விழுக்காடு என்ற விகிதமே நீக்கப்பட்டது. அதனால் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்திடம் தரும் இறக்குமதிப் படிவம்) போடும் நாளில் நடப்பிலிருக்கும் அறிவிக்கையைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

உண்மையான பள்ளம் 9503, அதாவது பொம்மைகள். பொம்மைக்கான அடிப்படை வரி 2020-இல் 20-லிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் ஏறியது. 20 விழுக்காடு வரி என்று நினைத்து 2 லட்சம் ஒதுக்கி வைத்த 10 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு, அது பொம்மை என்று முடிவானால், அடிப்படை வரி மட்டும் 7 லட்சம். அதைவிடப் பெரிய சிக்கல் தரக் கட்டுப்பாடு. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்த உரிமத்தை வெளிநாட்டுத் தொழிற்சாலையே இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ்ஸிடம் வாங்கியிருக்க வேண்டும். சரக்கு துறைமுகத்தில் இறங்கிய பிறகு அதை யாராலும் வாங்கித் தர முடியாது. வரியைக் கட்டித் தீர்த்துவிடலாம். உரிமம் இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்பவோ அழிக்கவோதான் வழி.

எல்இடி லைட்டிங் செயின், அதாவது நம் ஊர் சீரியல் செட், மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையில் இருக்கிறது. ஐஎஸ் 10322 தரத்தின்படி சோதித்து, தொழிற்சாலைக்கும் பிராண்டுக்கும் சேர்த்துப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். வேறொரு தொழிற்சாலைக்குக் கொடுத்த எண்ணைப் பெட்டியில் அச்சிட்டால் செல்லாது. பலர் தவறவிடும் ஒன்று உண்டு: இந்த ஆணைகள் பொருளின் விவரத்தைப் பார்த்துப் பாய்கின்றன. சீரியல் செட்டை 9505 என்று எழுதிவிட்டால் பிஐஎஸ் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணம் தவறு. ஹெட்டிங்கும் தவறாகி, பதிவும் இல்லாமல், இரண்டு குற்றமாக நிற்கும்.

எதிரெதிரே நிற்கும் இரண்டு குறிப்புகள்

ஒரு பொருளுக்கு ஹெட்டிங் தேர்வதற்கென்று பொது விதிகள் உண்டு. அவற்றில் விதி 1 சொல்வது: ஹெட்டிங்கின் வாசகமும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளுமே முடிவு செய்யும். விளக்கு விஷயத்தில் பாதித் தகராறு இங்கேயே தீர்ந்துவிடும். ஆனாலும் குறிப்பைப் புரட்டாமல் நேரே விதி 3(பி)-க்குத் தாவி, பொருளின் எந்தப் பகுதி அதற்கு ‘அடிப்படைத் தன்மை’ தருகிறது என்று பேசுவது வழக்கமாகிவிட்டது.

95-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு, எல்லா வகை லைட்டிங் ஸ்ட்ரிங்கையும், அதாவது சர விளக்கையும், 9405-க்கு அனுப்பிவிடுகிறது. 94-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு அதே கதவை மறுபக்கத்திலிருந்து சாத்துகிறது: பொம்மை விளக்கு 9503-க்குப் போகும், சீன விளக்குக்கூடு போன்ற அலங்காரங்கள் 9505-க்குப் போகும், ஆனால் அந்த அலங்காரங்களில் லைட்டிங் ஸ்ட்ரிங் சேராது. ஆக, சரமாக இருக்கும் விளக்கு எவ்வளவு பண்டிகைத் தோற்றத்தில் இருந்தாலும் 9405. சாண்டா கிளாஸ் தலையோ, அகல்விளக்கு வடிவ மூடியோ, தாமரையோ ஒவ்வொரு பல்பிலும் மாட்டியிருந்தாலும் அது சரம்தான்.

சரத்தின் சப்ஹெட்டிங்கில்தான், அதாவது ஆறு இலக்க உட்பிரிவில்தான், கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பயன்படும் வகைச் சரம், எல்இடி மட்டும் என்றால் 9405 31. பழைய இழை பல்பு என்றால் 9405 39. கல்யாண மண்டபத்திலும் ஆயுத பூஜைக்கும் கட்டுவதைக் கிறிஸ்துமஸ் மரச் சரம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். வாசகத்தில் இருப்பது ‘அந்த வகையைச் சேர்ந்த’ என்பது. மெல்லிய கம்பியில் சிறு பல்புகள் கோத்து, கிளையில் சுற்றக்கூடியதாக இருந்தால் அது அந்த வகை. வாங்குகிறவர் அதை வேப்பமரத்தில் கட்டினாலும் மாறாது. தடித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் எல்இடி அடைத்த ரோப் லைட் மரக்கிளையில் சுற்ற உகந்ததன்று. கட்டடத்தின் விளிம்பிலும் படிக்கட்டிலும் ஒட்டிச் செல்வது அது. அதற்கு 9405 42 பொருந்தும்.

சூரியசக்தித் தகடு வைத்த சரம் வரும்போது 9405 41 என்று எழுதத் தோன்றும், சோலார் என்ற சொல் அங்கே இருப்பதால். அட்டவணையில் உட்பிரிவின் படிநிலையை வாசகத்துக்கு முன்னால் வரும் கோடுகள் காட்டும்; சப்ஹெட்டிங்கை ஒரு கோடு, இரண்டு கோடு என்று அடுக்கு அடுக்காக ஒப்பிட வேண்டும் என்பது விதி 6. 9405 41 நிற்பது ‘மற்ற மின்விளக்குகள்’ என்ற ஒற்றைக் கோட்டின் கீழே. சரத்துக்கென்று தனி ஒற்றைக் கோடு இருக்கையில் ‘மற்ற’ பக்கம் போக வழியில்லை. சோலார் சரமும் 9405 31-தான். சோலார் விளக்குக்குரிய சலுகை ஏதாவது கேட்டு எழுதியிருந்தால், தணிக்கையில் முதலில் சிக்குவது இது.

உறையோ மூடியோ இல்லாத எல்இடி பட்டையை மட்டும் சுருளாகக் கொண்டுவந்தால் கதை வேறு. 85-ஆம் அத்தியாயத்தின் 11-ஆம் குறிப்பு எல்இடி மாட்யூலையும் எல்இடி விளக்கையும் பிரிக்கிறது: ஹோல்டரில் எளிதாக மாட்டிக் கழற்றும் கேப் (பல்பின் அடிப்பகுதி) இல்லாதது மாட்யூல், 8539 51, கேப் உள்ளது எல்இடி விளக்கு, 8539 52. வண்ண எல்இடி பல்பு, அலங்காரத்துக்குத்தான் என்றாலும், தனியாக வந்தால் 8539 52.

ஸ்டார்: உண்மையான இழுபறி

தாளில் அல்லது பிளாஸ்டிக் தாளில் மடித்து வரும் ஸ்டார், உள்ளே ஹோல்டரும் வயரும் இல்லையென்றால், தகராறே இல்லை: 9505 10, கிறிஸ்துமஸ் பண்டிகைச் சாமான். வாங்குகிறவர் தன் வீட்டு ஹோல்டரையும் பல்பையும் உள்ளே விட்டுக்கொள்வார். ஹோல்டர், வயர், பிளக் சேர்ந்து ஒரே பெட்டியில் வரும்போதுதான் இரண்டு கட்சி உருவாகிறது.

9405 கட்சி சொல்வது: மின்சாரம் வேண்டும், பல்பு எரியும், அதனால் விளக்கு. 9505 கட்சி சொல்வது: இதை யாரும் வெளிச்சத்துக்காக வாங்குவதில்லை, டிசம்பரில் வாசலில் தொங்கவிட்டு ஜனவரியில் கழற்றி வைப்பார்கள், நீடித்து உழைக்காத தாள், 94-ஆம் அத்தியாயக் குறிப்பே சீன விளக்குக்கூட்டை 9505-க்கு அனுப்புகிறது. எங்கள் தீர்ப்பு இரண்டாவது கட்சிக்கு. ஆனால் அதற்கு மூன்று சேர்ந்திருக்க வேண்டும்: வடிவம் பண்டிகையோடு ஒட்டியது, பொருள் மலிவான தாள் போன்றது, பெட்டியிலும் கேட்டலாகிலும் பண்டிகை என்றே விற்கப்படுவது. அதே தாள் மடிப்பில் உருண்டையாகவோ அறுகோணமாகவோ செய்து ‘பெண்டன்ட் லேம்ப்’ என்று வருடம் முழுக்க விற்றால் அது கூரை விளக்கு. எல்இடிக்கு மட்டும் வடிவமைத்திருந்தால் 9405 11. எந்தப் பல்பும் மாட்டலாம் என்றால் 9405 19.

இதே அளவுகோலில் பார்த்தால், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கும் சொரூபத் தொகுப்பில் ஒரு சின்ன எல்இடி இருப்பது அதன் தன்மையை மாற்றாது. 9505 10-இலேயே இருக்கும். அரை மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டு, அடாப்டர், மங்கல்-பிரகாசம் மாற்றும் சுவிட்ச், மேலே ஒரு பனிமனிதன் படம் என்று வந்தால் அது விளக்கு. படம் அதைப் பண்டிகைச் சாமான் ஆக்கிவிடாது.

தீபாவளிச் சரக்குக்கு ஒரு தனி எச்சரிக்கை. 9505 10 கிறிஸ்துமஸுக்கு மட்டும் உரியது. தீபாவளிக் காகித விளக்குக்கூடு 9505-க்குத் தகுதி பெற்றாலும் 9505 90 90-இல்தான் நிற்க வேண்டும்.

முயல் விளக்கு: இங்கேதான் பணம் போகும்

குழந்தைகள் அறைக்கான உருவ விளக்குகள்தான் இந்தக் கண்டெய்னரிலேயே ஆபத்தானவை. முயலைத் தட்டினால் நிறம் மாறும். யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும். முப்பது நிமிடத்தில் தானாக அணையும். படுக்கையருகே வைக்கும் விளக்கு என்று 9405 21 கேட்பது நியாயமான நிலைப்பாடு. ஆனால் பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரையறை அகலமானது: 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாட வடிவமைத்தது, அல்லது அப்படித் தெளிவாக நோக்கம் கொண்டது. அதற்காக மட்டுமே செய்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

முடிவைத் திருப்புவது பெரும்பாலும் பெட்டியின் அச்சுதான். ‘3 வயதுக்கு மேல்’ என்ற முத்திரை, ஐரோப்பியப் பொம்மைத் தரமான இஎன் 71-இன் சோதனை அறிக்கை, ‘டாய்’ என்ற ஒரே ஒரு சொல், குழந்தை அதை அணைத்துக்கொண்டு ஓடும் படம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அதிகாரி 9503 பக்கம் சாய்வதற்கு முகாந்திரம் கிடைத்துவிடும். சப்ளையர் மற்ற நாடுகளுக்கு விற்பதற்காக அச்சடித்த பெட்டியையே இங்கேயும் அனுப்புவார். ஆர்டர் கொடுக்கும்போதே பெட்டியின் வடிவமைப்புக் கோப்பை வாங்கிப் படியுங்கள். அதே சமயம், பொருள் உண்மையிலேயே பொம்மை என்றால் பெட்டியை மாற்றி விளக்கு ஆக்க முயல வேண்டாம். துணி அடைத்த கரடியின் வயிற்றில் ஒரு எல்இடி வைத்திருந்தால், அணைத்த பிறகும் குழந்தை விளையாடும் சாமான் அது. விளக்கை அணைத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது நல்ல சோதனை: கரடியில் பொம்மை மிஞ்சுகிறது, நிலா விளக்கில் வெறும் உருண்டை மிஞ்சுகிறது.

சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகும் இரவு விளக்கு மேசையிலும் நிற்பதில்லை, சுவரில் பொருத்தப்படுவதும் இல்லை. அது 9405 42.

மற்றவை

நிலா விளக்கு 9405 21. போலி மெழுகுவத்தியை மெழுகுவத்தி என்று 3406-இல் போட முடியாது; மெழுகு பூசியிருந்தாலும் எரிவது திரியன்று. பேட்டரியில் ஓடுவதால் 8513 என்றும் சொல்வார்கள். 8513-க்குப் பேட்டரி மட்டும் போதாது. கையில் எடுத்துச் செல்லவோ உடலில் மாட்டிக்கொள்ளவோ வடிவமைத்திருக்க வேண்டும். மேசையில் வைத்துவிட்டு மறந்துபோகும் வத்தி 9405 42. சாவிக்கொத்து டார்ச் 8513 10. கைப்பிடி வைத்த அலங்கார லாந்தர்தான் நடுவில் நிற்கும்: கைப்பிடி ஆணியில் மாட்டுவதற்கான அழகா, தூக்கிக்கொண்டு நடப்பதற்கா என்று எடையையும் வெளிச்ச அளவையும் வைத்துச் சொல்ல வேண்டும். நியான் பலகையில் எழுத்தோ அறிவிப்போ இருந்து, எல்இடி விளக்கு நிரந்தரமாகப் பதிந்திருந்தால் 9405 61.

ரிமோட் வந்தால் ஒரு கேள்வி கூடும். அகச்சிவப்பு ரிமோட்டுக்குப் பிரச்சினையில்லை. ரேடியோ அலை ரிமோட், புளூடூத், வைஃபை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ ஒப்புதல் வேண்டும். சப்ளையர்கள் மாதிரியில் அகச்சிவப்பைக் காட்டிவிட்டு, சரக்கில் 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டை வைத்து அனுப்புவதுண்டு. பெட்டிக்குள் அடாப்டரோ எல்இடி டிரைவரோ இருந்தால் அதற்கும் பிஐஎஸ் பதிவு கேட்கப்படலாம்.

எந்த வழியில் போவது?

ஹெட்டிங்கைத் தேர்ந்த பிறகு, அதை எப்படி முன்வைப்பது என்பதில் நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, சுங்கச் சட்டம் 1962-இன் 17-ஆம் பிரிவின்படி சுயமதிப்பீடு. சீரியல் செட், நிலா விளக்கு, சாவிக்கொத்து டார்ச் போன்ற தெளிவான சரக்குக்கு இதுதான் சரி. கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டும். பிந்தினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000. முகமற்ற மதிப்பீடு 2020 ஜூன் 8-ஆம் தேதி சென்னையிலும் பெங்களூரிலும்தான் தொடங்கியது. இன்று உங்கள் பில்லைப் பார்ப்பவர் வேறு ஊரில் உட்கார்ந்திருக்கலாம். அவர் கையில் சரக்கு இல்லை. நீங்கள் ஏற்றிய படமும் விவரமும்தான் அவருக்குச் சரக்கு. எரியும்போது ஒரு படம், அணைந்தபின் ஒரு படம், பெட்டியின் ஆறு பக்கம், பேட்டரி அறை, வாட், வோல்ட், எல்இடி எண்ணிக்கை எழுதிய ஸ்பெக் தாள்: இவை முதலிலேயே சுங்கத்தின் ஆவணப் பதிவேற்றத் தளமான இ-சஞ்சித்தில் ஏறியிருந்தால் கேள்வி வருவது குறையும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போய்த் திரும்பும் நாட்களில் சிஎஃப்எஸ் (கண்டெய்னர் வைக்கும் கிடங்கு) வாடகையும், கண்டெய்னரைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்கான டிடென்ஷன் கட்டணமும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, ஃபர்ஸ்ட் செக் கேட்பது. சரக்கைத் திறந்து பார்த்த பிறகே மதிப்பீடு. சப்ளையர் புதியவர், உள்ளே என்ன வந்திருக்கிறது என்று உங்களுக்கே நிச்சயமில்லை என்றால் மட்டும் கேளுங்கள். சில நாட்கள் போகும், ஆனால் பொய் விவரம் தந்ததாகப் பின்னால் யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது, 18-ஆம் பிரிவின் தற்காலிக மதிப்பீடு. பாண்டும் பிணையும் கொடுத்துச் சரக்கை எடுத்து விற்கலாம். ஸ்டார் போன்ற, வரி மட்டுமே சர்ச்சையில் உள்ள பொருளுக்கு உதவும். முயல் விளக்குக்கு உதவாது. அங்கே கேள்வி பிஐஎஸ் உரிமம் என்பதால் பாண்ட் எழுதிக் கொடுத்தும் சரக்கு வெளியே வராது. முடிவாகும்வரை பிணைப் பணம் முடங்கிக் கிடக்கும் என்பதையும் விலை போடும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, முன்தீர்ப்பு, அதாவது சரக்கு வருமுன்னே ஹெட்டிங்கைத் தீர்மானித்து வாங்குவது. டெல்லியிலும் மும்பையிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்துக்கு 28எச் பிரிவின்படி விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10,000 ரூபாய். மூன்று மாதத்தில் தீர்ப்பு தர வேண்டும் என்பது சட்டம். வந்த தீர்ப்பு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். உங்களையும் உங்கள் துறைமுக அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும். போட்டியாளர் வாங்கிய தீர்ப்பைக் காட்டி உங்கள் சரக்கை எடுக்க முடியாது. உங்கள் விஷயத்தில் அதே கேள்வி ஏற்கனவே ஓர் அதிகாரியிடமோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்தால் விண்ணப்பம் ஏற்கப்படாது. அதனால் முதல் கண்டெய்னர் மாட்டிய பிறகு இதைத் தேடிப் பயனில்லை. செப்டம்பரில் சரக்கு இறங்க வேண்டுமானால் ஏப்ரலில் மாதிரியும் விண்ணப்பமும் தயாராக வேண்டும்.

எங்கள் பரிந்துரை: ஏழு சாமானையும் முன்தீர்ப்புக்கு இழுத்துப் போக வேண்டாம். தொடர்ந்து கொண்டுவரப் போகும் உருவ விளக்குக்கு மட்டும் முன்தீர்ப்பு, ஸ்டாருக்கு அதிகாரி முரண்பட்டால் தற்காலிக மதிப்பீடு, மீதி ஐந்துக்கும் சுயமதிப்பீடு. முன்தீர்ப்பு வரும்வரை உருவ விளக்குகளைத் தனி ஷிப்மென்டாக ஒதுக்குங்கள். ஒரே கண்டெய்னரில் ஏற்றினால் ஒரு முயலுக்காக ஆயிரம் சீரியல் செட்டும் சேர்ந்து நிற்கும். தீபாவளி முடிந்த மறுநாள் கிடைக்கும் சீரியல் செட்டை யார் வாங்குவார்கள்?

அதிகாரி உங்கள் ஹெட்டிங்கை மாற்றி, நீங்கள் அதை எழுத்தில் ஏற்காவிட்டால், 17(5)-இன்படி 15 நாளில் காரணம் காட்டும் உத்தரவு தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். சரக்கு வெளியே வந்தால் போதும் என்று ‘ஒப்புக்கொள்கிறேன்’ என எழுதிக் கொடுத்தால், 60 நாளுக்குள் போடக்கூடிய மேல்முறையீட்டின் கால் அங்கேயே ஒடிந்துவிடும். அடுத்த கண்டெய்னருக்கும் அதே ஹெட்டிங் உங்கள் மேல் ஒட்டிக்கொள்ளும்.

பழைய கணக்கைத் திறப்பதற்கு 28-ஆம் பிரிவில் சாதாரணமாக இரண்டு ஆண்டு. வேண்டுமென்றே மறைத்ததாகவோ பொய் சொன்னதாகவோ நிறுவினால் ஐந்து ஆண்டு. அப்போது வரியோடு வட்டியும், 114ஏ-யின்படி வரிக்குச் சமமான அபராதமும் சேரும். வகைப்பாட்டில் நேர்மையாகக் கருத்து வேறுபட்டது மறைப்பு ஆகாது. ஆனால் அந்த நேர்மைக்குச் சாட்சி நீங்கள் எழுதிய விவரம் மட்டுமே. ‘டெக்கரேட்டிவ் லைட்’ என்று இரண்டு சொல்லில் எழுதியவர், தான் எதையும் மறைக்கவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பார்?

ஆகவே ஒவ்வொரு மாடலுக்கும் தனி வரி எழுதுங்கள்: ‘எல்இடி சீரியல் செட், 100 பல்பு, 10 மீட்டர், 230 வோல்ட், பல்பு மாற்ற முடியாதது, பிராண்ட், மாடல் எண், பிஐஎஸ் பதிவு எண்’. ‘சிலிகான் படுக்கையறை விளக்கு, முயல் வடிவம், யுஎஸ்பி சார்ஜ், 5 வோல்ட்’. சப்ளையர் தரும் இன்வாய்ஸிலும் இதே பிரிவினை இருக்க வேண்டும். சப்ளையர் எழுதும் குறியீட்டை அப்படியே நகலெடுக்க வேண்டாம். முதல் ஆறு இலக்கம் உலகுக்குப் பொது என்றாலும், அவர் அதைத் தன் நாட்டு வசதிக்காகத் தேர்ந்திருக்கலாம்; உலகப் பொதுக் குறியீட்டின் 2022 பதிப்பான எச்எஸ் 2022 வருமுன் இருந்த 9405 40 இன்னும் பல இன்வாய்ஸ்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த எண் 2022 ஜனவரி 1 முதல் இந்திய அட்டவணையில் இல்லை. ஆசியான் ஒப்பந்தச் சலுகை கேட்டு மலேசியா, வியட்நாமிலிருந்து கொண்டுவருபவர்கள் பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழிலுள்ள ஹெட்டிங்கும் பில்லிலுள்ள ஹெட்டிங்கும் ஒத்துப்போகிறதா என்று கப்பல் புறப்படுமுன்னே பார்க்க வேண்டும். பிறகு திருத்தச் சான்றிதழ் வாங்குவதற்கு வாரங்கள் ஆகும்.

விற்று முடித்த பிறகும் ஒவ்வொரு மாடலிலும் இரண்டைப் பெட்டியோடு பிரிக்காமல் எடுத்து வையுங்கள். ஐந்தாண்டு கழித்துத் தணிக்கை வந்தால், ஸ்டார் தாளா பிளாஸ்டிக்கா, முயல் பெட்டியில் வயது முத்திரை இருந்ததா இல்லையா என்பதற்கு அந்தப் பெட்டியைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.